8 வாட்டும் 84 டெசிபலும்: வாங்கி வருந்திய சாமான்களுக்கு ஒரு தாமதமான விமர்சனம்

ஒரு சாமான் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதைப் பற்றி எழுதிவிடுகிறோம். அப்போது அட்டைப்பெட்டியின் வாசனைகூடப் போயிருக்காது. கொடுத்த காசுக்கு நியாயம் தேடுகிற அவசரம்தான் எழுத்தில் தெரியும். நானும் அப்படி எழுதியவன்தான். பதினான்கு வருடமாகப் பாட்டுக் கேட்பதற்கென்று வாங்கிக் குவித்தவற்றில், விற்றுத் தொலைத்தவை, தூசு படிந்து கிடப்பவை, பரணில் ஏறிவிட்டவை ஆகியவற்றுக்கு இப்போது ஆற அமர விமர்சனம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெரும்பாலான சாமான்கள் மேல் குற்றமே கிடையாது, அவற்றை எதோடு சேர்த்தேன் என்பதில்தான் கோளாறு.

முதலில் வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களால் ஒலியின் மின்சாரத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி. சேனலுக்கு ஒரே ஒரு 300பி வால்வு, 8 வாட், எடை 23 கிலோ. 300பி என்பது 1930களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த ட்ரையோடு (மூன்று மின்முனை) வகை வால்வு. திரையரங்க ஆம்ப்களில் புழங்கியது. அந்தக் காலத்தில் ஒரு கொட்டகையையே நிரப்பியது என் சின்ன அறையை நிரப்பாதா என்பதுதான் என் கணக்கு. கடையில் அதைக் கேட்டேன். விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். வால்வுக்குள் ஆரஞ்சு நிறத்தில் இழை எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குரல், ஒரு கிதார். பாடகி மூச்சு இழுப்பது என் முன்னால் இரண்டடியில் கேட்டது. அன்றே வாங்கிவிட்டேன்.

கடையில் அதோடு இணைத்திருந்தது என் நெஞ்சு உயரத்துக்கு நின்ற ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், வாய் விரிந்த ஊதுகுழல் மாதிரியானது. அதன் சென்சிடிவிட்டி 101 டெசிபல். வீட்டில் என்னிடம் இருந்ததோ ஸ்டாண்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர், 84 டெசிபல். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் இந்த எண். பார்த்தால் 101, 84 இரண்டும் ஏதோ பரீட்சை மார்க் போல அக்கம்பக்கமாகத் தெரிகின்றன. ஆனால் 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. இங்கே வித்தியாசம் 17 டெசிபல், அதாவது 50 மடங்கு. கடையில் அந்த 8 வாட் செய்த வேலையை என் வீட்டில் செய்ய 400 வாட் ஆம்ப் வேண்டும். இந்தப் பெருக்கலை நான் போட்டது வாங்கி நான்கு மாதம் கழித்து.

அந்த நான்கு மாதமும் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் குரல் என்றால் அருமையாகத்தான் இருக்கும். தபதபவென்று டிரம்ஸ் இறங்கும்போதோ, நூறு பேர் வாசிக்கிற சிம்ஃபனி உச்சத்துக்கு ஏறும்போதோ எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும். முதலில் வால்வு இன்னும் பழகவில்லை என்று நினைத்தேன். நூறு மணி நேரம் ஓடினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, ஆளில்லாத வீட்டில் அதை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நூறு மணி நேரத்தில் ஆம்ப் பழகவில்லை. என் காதுதான் அந்தக் கூழுக்குப் பழகியது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. இந்த மாதிரி ஃபீட்பேக் (வெளியே வருவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி அனுப்பித் தப்பைத் திருத்துகிற வழி) இல்லாத ஆம்ப்களின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியே போகிற மின்சாரத்துக்கு ஆம்பே காட்டுகிற தடை, அதிகம், 2 அல்லது 3 ஓம் வரும். ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், உண்மையில் அது ஒரு சுருதியில் 4 ஓம், இன்னொரு சுருதியில் 20 ஓம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இது பெரிய விஷயமே இல்லை, அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 2.5 ஓம் ஆம்பில் கணக்குப் போட்டால், 4 ஓம் இடத்துக்கும் 20 ஓம் இடத்துக்கும் நடுவே சத்தத்தில் 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அதாவது எல்லாச் சுருதியும் ஒரே அளவில் கேட்க ஸ்பீக்கரைச் செய்தவர் நேராக வைத்த கோட்டை இந்த ஆம்ப் வளைத்துவிடுகிறது. நான் "கனிவு, கனிவு" என்று கொண்டாடியதில் பாதி இந்த வளைவாகத்தான் இருந்திருக்கும். கனிவு பிடித்தால் தப்பில்லை. ஆனால் அதை ஓர் ஆம்பில் இருக்கிற டோன் திருகாணியைத் திருகியும் பெற்றிருக்கலாம்.

இதெல்லாம் போக அது ஓர் அடுப்பு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் குடிக்கும், முழுக்கச் சூடாக வெளியே விடும். வெயில் நாளில் ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம், மூடினால் புழுக்கம். அதன் மேல் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். சரியான ஸ்பீக்கரோடு அதைவிட அழகான சாமான் இல்லை என்பதைக் கடையிலேயே கேட்டுவிட்டேனே. எதைக் கேட்கிறேன் என்று பார்க்காமல் எரிகிற இழையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பை விட ஸ்பீக்கர் முக்கியம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வேறொரு கடையில் இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோது, விலை கூடியது உடனே பிடித்துப்போனது. சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் காட்டச் சொன்னேன். விற்பனையாளர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வைத்தார். பிறகு எனக்கு எது எது என்றே சொல்லத் தெரியவில்லை. ஒரு டெசிபல் கூடினால் மனம் அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை, "தெளிவு" என்று எடுத்துக்கொள்கிறது. மெல்லக் கேட்கும்போது தாழ்ந்த சுருதியைக் காது சரியாக வாங்காது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே கொஞ்சம் கூட்டி வைத்த ஆம்பில் பாஸும், அதாவது அந்தத் தாழ்ந்த சுருதியும், கூடத்தான் கேட்கும்.

அடுத்தது சப்வூஃபர், பாஸுக்கென்றே இருக்கிற தனி ஸ்பீக்கர். இதில்தான் வீட்டில் என் மானம் போனது.

12 அங்குலம், பின்னால் துவாரம் வைத்தது, பெட்டி ஒரு சின்ன பீரோ மாதிரி. மூலையில் வைத்தேன், வேறு இடமில்லை. என் நாற்காலி அறையின் நடுவில். போட்டுக் கேட்டால் அடியில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் காற்றுப் போன பந்து மாதிரிதான் இருந்தது. இன்னும் கூட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி வந்து, "அலமாரிக் கதவு தானாத் திறக்குது, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இந்த சப்வூஃபருக்குப் போதுமான பவர் இல்லை" என்று சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. நடுவில், அதைவிடப் பெரியது ஒன்றை வாங்கலாமா என்றுகூட விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அறையின் நீளம் 4.3 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வு, வருகிறது. அந்தச் சுருதி இரண்டு சுவர்களுக்கும் நடுவே நிலையாக நின்றுவிடும். சுவர் ஓரத்தில் முழங்கும், சரியாக நடுவில் ஒன்றுமே இருக்காது. என் நாற்காலி இருந்தது அந்த ஒன்றுமில்லாத இடத்தில். பாஸ் பெட்டியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அது கேட்காத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து நான் உட்கார்ந்திருந்தேன். மூலை வேறு, அறையில் இருக்கிற எல்லா முழக்கத்தையும் எழுப்பிவிடுகிற இடம்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் அளவு மைக், ஒலியை அளக்கிற மைக். நான் வாங்கியதிலேயே சின்ன சாமான் அதுதான், பேனா அளவு. கம்ப்யூட்டரில் சொருகி, ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே வரை ஒரு ஊளையை ஓடவிட்டால் திரையில் மலையும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். நாற்காலியில் மைக்கை வைத்தபோது 40 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். ஒவ்வொரு சுருதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அந்த இடத்தைத் தூக்கிப் பார்த்தேன். பள்ளம் அசையவே இல்லை, பக்கத்து அறை அலமாரிதான் அசைந்தது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற ஒலி நேராக வருவதை அழிக்கிறபோது, எவ்வளவு ஊற்றினாலும் அந்த அளவுக்கு எதிரியும் வளரும்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். பின்சுவரிலிருந்து 1.6 மீட்டருக்கு வந்தது, அதாவது நடுவிலிருந்து அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நகர்ந்தது. சப்வூஃபருக்கு இடம் தேடக் கற்றுக்கொண்ட வித்தை இன்னும் கேலிக்கூத்து. பெட்டியைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பாஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாம் தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்து, எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் குனிந்து தேட ஆரம்பித்தாள். கடைசியில் பக்கவாட்டுச் சுவரின் பாதி வழியில் ஓர் இடம் கிடைத்தது. இப்போது சப்வூஃபரின் சத்தத் திருகாணி முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது, பாஸ் கேட்கிறது, அலமாரி மூடியிருக்கிறது. பெரியது வாங்கியிருந்தால் இதே பள்ளத்தில் இன்னும் பெரிதாக முட்டிக்கொண்டிருப்பேன். ஆகவே சப்வூஃபருக்கு நல்ல மதிப்பெண்தான், அந்த எட்டு மாதத்துக்கு எனக்குப் பூஜ்யம்.

கேபிள் கதை எல்லோருக்கும் ஒன்று இருக்கும், சுருக்கமாக முடிக்கிறேன். கட்டை விரல் தடிமன், பாம்புத் தோல் மாதிரி உறை, மூன்று மீட்டர் ஜோடி. அதைப் போட்டதும் எல்லாம் திறந்துகொண்டது மாதிரி இருந்தது, சத்தியமாக இருந்தது. மகளைச் சோபாவுக்குப் பின்னால் உட்காரவைத்து, நாணயம் சுண்டி, பழைய கேபிளா புதியதா என்று பத்து முறை மாற்றச் சொன்னேன். ஐந்து சரி. நாணயத்துக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. பிறகு கணக்குப் பார்த்தேன். 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பியில் மூன்று மீட்டர் போய்வர மின்தடை 0.04 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றாலும் 0.07. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? புதிய கேபிள் செய்த மாற்றம் ஒன்று மட்டும் அளக்கக்கூடியதாக இருந்தது. அது அவ்வளவு விறைப்பு, சின்ன ஸ்பீக்கரைப் பிடித்து மெல்லமெல்லத் திருப்பிவிடும். வாரத்துக்கு ஒருமுறை நேராக்கி வைப்பேன். விற்றபோது வாங்கியதில் கால் பங்கு கிடைத்தது. வாங்கியவர் மிகவும் சந்தோஷமாக எடுத்துப்போனார். எனக்குத்தான் கொஞ்சம் உறுத்தியது.

இசைத்தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிளில் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். முதலாவது சூட்கேஸ் மாதிரி மடிக்கிற ஒன்று, ஸ்பீக்கர் அதற்குள்ளேயே. பீங்கான் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக்குகிற துண்டு), ஊசியைத் தாங்குகிற கையின் பின்னால் எடையைச் சரிசெய்ய எதுவும் கிடையாது. ஊசி தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று பிற்பாடு ஒரு குட்டித் தராசில் பார்த்தேன், 5 கிராமுக்கு மேல். நல்ல மூவிங் மேக்னட் (உள்ளே காந்தம் அசைகிற வகை) கார்ட்ரிட்ஜ் 2 கிராமிலேயே வேலையை முடித்துவிடும். பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் இருப்பதால் அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பப் போகும். ஓர் இசைத்தட்டை அதில் நிறையத் தடவை ஓட்டிவிட்டேன். இன்று நல்ல டர்ன்டேபிளில் போட்டாலும் அதில் 'ஸ' வருகிற இடமெல்லாம் மணலைத் தேய்த்த மாதிரிதான் கேட்கிறது. மறுபடி கிடைக்காத தட்டு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

இரண்டாவது தடவை கெட்டிக்காரன் ஆகிவிட்டேன், அதுதான் ஆபத்து. நல்ல டர்ன்டேபிள், அதில் மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசைகிற வகை) கார்ட்ரிட்ஜ். படித்த புகழுரையெல்லாம் அதன் நுணுக்கத்தைப் பற்றியது. அது தருவது 0.4 மில்லிவோல்ட் என்பது சின்ன எழுத்தில் இருந்தது. கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிற துளி மின்சாரத்தை முதலில் தூக்கிவிடுகிற என் ஃபோனோ ஆம்ப் மூவிங் மேக்னட்டுக்கானது, 5 மில்லிவோல்ட் வரும் என்று எதிர்பார்த்து 40 டெசிபல் தூக்கும். எனக்கு வேண்டியது 60. திருகாணியைக் கடைசி வரை திருகினால் பின்னணியில் கடல் இரைச்சல், அதற்குள் எங்கோ ஒரு வயலின். அந்தக் கார்ட்ரிட்ஜுக்காக இன்னொரு ஃபோனோ ஆம்ப் வாங்கினேன். தப்பான வாங்கலைச் சரிசெய்ய இன்னொரு வாங்கல், இந்தப் பொழுதுபோக்கின் மொத்தப் பொருளாதாரமே இதுதான். இந்த முறை மட்டும் அது பலித்தது, இன்றும் அந்த ஜோடிதான் ஓடுகிறது.

டிவியின் படமும் ஒலியும் வந்து சேர்கிற ஆம்ப் பெட்டியான ஏவி ரிசீவர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழு சேனல், பின்பக்கம் ரயில்வே யார்டு மாதிரி சாக்கெட்டுகள். படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் அனுப்புகிற எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 பதிப்புக் காலத்தில் வாங்கினேன். 2013இல் 2.0 வந்தது, 2017இல் 2.1. புதிய டிவி வந்த நாளில் படம் அதன் வழியாகப் போக மறுத்துவிட்டது. உள்ளே இருக்கிற ஆம்ப் ஏழும் இன்றும் கல்லு மாதிரி வேலை செய்கின்றன, செத்தது சாக்கெட்டின் காலம் மட்டும். அதே அலமாரியில் 1980களின் இரண்டு சேனல் ஆம்ப் ஒன்று எதையும் புதுப்பிக்கச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வேகமாக மாறுகிற படச் சமாசாரத்தையும் மெதுவாக மாறுகிற ஒலிச் சமாசாரத்தையும் ஒரே பெட்டியில் கட்டி வாங்க மாட்டேன் இனி.

வருந்திய வாங்கல் என்று நினைத்து, கடைசியில் பிடித்துப்போனது ஒன்று உண்டு. பழைய மூன்று வழி ஸ்பீக்கர் ஜோடி (தாழ்ந்த, நடு, உயர்ந்த சுருதிக்குத் தனித்தனி ஒலிப்பான்), தாழ்ந்த சுருதிக்கு 12 அங்குல வூஃபர். முன்துணியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கழற்றினால், கூம்பைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபோம் வளையம் விரல் பட்டதும் நனைந்த காகிதம் மாதிரி பொடிந்தது. பாலியூரித்தேன் ஃபோம் பதினைந்து இருபது வருடத்தில் தானாகவே மக்கிவிடும், உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும். ரப்பர் வளையம் இதைவிட நீண்ட நாள் தாங்கும். விற்றவர் "உபயோகமே இல்லாமல் வைத்திருந்தோம்" என்று பெருமையாகச் சொன்னார், பொய் இல்லை.

புதிய வளையம் வாங்கி நானே ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டவே இரண்டு மாலை. கூம்பைச் சரியாக நடுவில் நிறுத்தாவிட்டால் உள்ளே காயில் காந்தத்தில் உரசும். அதற்கு 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்து, கூம்பு ஆடும்போது உரசல் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே பசை இறுகும்வரை விரலால் நகர்த்த வேண்டும். ஒன்று முதல் தடவையே சரியாக வந்தது. இன்னொன்றைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். இதுவரை வாங்கிய எந்தப் புது ஸ்பீக்கரையும் இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டதில்லை. இவற்றின் சென்சிடிவிட்டி 91. கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஆம்பில் மாட்டினேன். அளவு மைக்குக்கு அடுத்தபடியாக நான் முழு மதிப்பெண் தருவது இவற்றுக்கு.

வால்வு ஆம்பைப் போன மாதம் விற்றேன். வந்தவர் முப்பது வயது இருப்பார். அறைக்குள் வந்ததும் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். அணைத்தேன். இழை எரிவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "உங்க ஸ்பீக்கர் சென்சிடிவிட்டி எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். "பார்க்கலை சார், சின்ன ஸ்பீக்கர்தான்" என்றார். பதினேழு டெசிபல் கதை, ஐம்பது மடங்குக் கதை, கூழ்க் கதை எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பணத்தைக் கொடுத்தார். 23 கிலோவையும் இரண்டு பேருமாகப் பிடித்துக் காரில் ஏற்றினோம்.

நேற்று அவரிடமிருந்து போன் வந்தது. ஆம்ப் அருமையாக இருக்கிறதாம், டிரம்ஸ் வரும்போது மட்டும் ஏதோ மாதிரி இருக்கிறதாம். ஹார்ன் ஸ்பீக்கர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 101 டெசிபல், நெஞ்சு உயரம், வாங்கட்டுமா சார் என்றார்.

உங்க அறை எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"அளக்கலையே சார்" என்றார்.